சாப்பிட்டுட்டுத்தான் போகணும்

"இப்பச் சொல்லுங்கய்யா. மொதல்ல காட்டுனது தெளிவா இருந்துச்சா, இல்ல இதா?"

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியுது தாயி."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மறுபடி மாத்துறேன். இதா... இதா?"

"நீ எதச் சொல்றியோ அதான்."

வலையபட்டியிலிருந்து வந்திருந்த சேவுகப்பெருமாள் அய்யாவுக்கு, கண் சோதிக்கிற பெண்ணின் மனம் நோகாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதே பெரிய கவலையாக இருந்தது. மூக்கின் மேல் சோதனைச் சட்டகம் கனத்துக்கொண்டிருந்தது. வட்டமான இரும்புச் சட்டகம், அதற்குள் செருகிச் செருகி எடுக்கிற கண்ணாடி வில்லைகள். எதிர்ச் சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துகள். ரேணுகா அடுத்த வில்லையை எடுக்கப் பெட்டியில் கை வைத்தபோது மேசை மேல் கிடந்த போன் அதிர்ந்து வெளிச்சம் காட்டியது. பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் மேலே 'விழித்துணை மன்றம்' என்ற பெயர் தெரிந்ததும் கண் அதுவாகப் போய்விட்டது.

'உங்கள் உறுப்பினர் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. காரணம்: வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பொதுப்பக்கத்தில் தொடர்ந்து வெளியிட்டது. முறையிட விரும்பினால் கீழே தொடவும்.'

அவள் இன்னொரு தடவை வாசித்தாள்.

"என்னத்தா, வீட்ல எதுவும் ஆகாததா?"

"ஒண்ணுமில்லங்கய்யா."

"ஒண்ணுமில்லங்கிற. மொகம் செத்துப்போச்சே. கண்ணோரத்துல தண்ணி நிக்கிது. எனக்குக் கண்ணு தெரியலன்னு நீ சொல்ற, ஒம் மொகம் எனக்கு அம்புட்டுத் தெளிவாத் தெரியுது."

ரேணுகாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இப்பப் போட்டிருக்கிறதுதான் சரி" என்று சொல்லி எழுதிக்கொண்டாள். சட்டகத்தைக் கழற்றினாள். அவர் மூக்கில் இரண்டு பக்கமும் பதிந்திருந்த பள்ளத்தை விரலால் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"அப்பாடா. இந்த இரும்பக் கழட்டுனதே பாதிக் கண்ணு தொறந்தாப்புல இருக்கு."

அவர் போன பிறகு அவள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவளை, பரிமாறுகிற நேரத்தில் கையைப் பிடித்து எழுப்பி விட்டதுபோல இருந்தது. ஐம்பதை நெருங்குகிற வயதில், யாரிடமும் ஒரு வார்த்தை கடுத்துப் பேசாதவளை, ஒரு இடத்திலிருந்து வெளியே போ என்று சொல்லிவிட்டார்கள். யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? யாருக்கு என்ன கெடுதல் செய்தோம்? மன்றத்துக்குள் போய்ப் பார்க்கலாம் என்று தொட்டாள். உள்ளே விடவில்லை. அவள் எழுதியது, அவளுக்கு மற்றவர்கள் எழுதியது, எல்லாம் ஒரு சாம்பல் நிறக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கண் பரிசோதனைப் படிப்பை ரேணுகா மதுரையில் படித்தாள். கல்யாணமாகி காரைக்குடி வந்த பிறகு பல வருசம் அந்தப் படிப்பு பீரோவுக்குள் கிடந்தது. மகள் கல்லூரிக்குப் போனதும்தான் செக்காலை ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னறையை வாடகைக்குப் பிடித்து, விளக்கும் வில்லைப் பெட்டியும் வாங்கி வைத்தாள். ஆட்கள் வந்தார்கள். ஆனால் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. மதுரையில் படிக்கும்போது, "இங்க வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டால் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் வருவார். இங்கே பக்கத்து அறையில் கண்ணாடிக்கு ஃபிரேம் விற்கிற அய்யப்பன் மட்டும்தான். அவனைக் கூப்பிட்டால், "இந்தக் கண்ணுக்குத் தங்கக் கலரு நல்லா இருக்கும்க்கா" என்பான்.

அப்போதுதான் அந்த மன்றம் கிடைத்தது. கண் பரிசோதகர்களுக்கு மட்டுமான இணையப் பக்கம். சான்றிதழ் அனுப்பித்தான் சேர வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்தாள், நாச்சியாபுரத்துப் பிள்ளை. அடிக்கடி பவர் மாறுகிறது. கண்ணுக்குள் விளக்கை அசைத்துப் பார்த்தால் வெளிச்சம் ஒழுங்காக நகராமல் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து மூடுகிறது. ரேணுகா மன்றத்தில் எழுதினாள். கோயம்புத்தூரிலிருந்து நாகநாதன் என்கிற பெரியவர் ஒருவர் பதில் போட்டார்: "அம்மா, கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். கருவிழி கூம்பாக ஆரம்பித்திருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே அனுப்புங்கள்." அனுப்பினாள். அவர் சொன்னதுதான். ஆரம்பத்திலேயே பிடித்ததால் அந்தப் பிள்ளையின் பார்வை தப்பித்தது. அன்றைக்கு ரேணுகாவுக்குத் தனக்கும் ஒரு பக்கத்து அறை இருக்கிறது என்று தோன்றியது.

அந்தச் சந்தோசத்தில்தான் அவள் அதை எழுதினாள். "அய்யா, ரொம்ப நன்றி. பிள்ளையார்பட்டி கோயிலுக்கு வந்தால் எங்கள் வீட்டுத் தெரு வழியாகத்தான் போகணும். திருப்பத்தூர் ரோட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்த்த பச்சைக் கேட்டு. அவசியம் வரணும். நீங்கள் மட்டும் இல்லை, யார் வந்தாலும் வரணும். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்." கூடவே போன் நம்பரும்.

இந்தப் பக்கத்தில் இப்படிச் சொல்லாத ஆள் உண்டா? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருகிறவர்களிடம் சொல்வோம். ரேஷன் கடை வரிசையில் சொல்வோம். அதற்கு ஒரு பதிலும் உண்டு. "அதுக்கென்ன, இன்னொரு நாளைக்கு வாரோம்." அந்த நாள் எந்த நாள் என்று சொன்னவரும் கேட்க மாட்டார், கேட்டவரும் சொல்ல மாட்டார். இரண்டு பேரும் மனம் நிறைந்து அவரவர் வழியில் போவார்கள். ரேணுகா கூப்பிடுகிற பாதியை எழுதினாள். பதில் சொல்ல வேண்டிய பாதி அந்த மன்றத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

வந்துவிட்டார்கள்.

முதலில் நாமக்கல்லிலிருந்து ஒரு குடும்பம். சாப்பிட்டுவிட்டு இலையைப் படம் எடுத்து மன்றத்தில் போட்டார்கள், 'காரைக்குடி அக்கா வீட்டு விருந்து' என்று. அதற்கு விழுந்த பாராட்டு எந்தக் கண் கேஸுக்கும் விழுந்ததில்லை. பிறகு திருவண்ணாமலை, ஓசூர், பாண்டிச்சேரி, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. பழமும் பூவும் வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். ரேணுகாவின் மாமியார் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, "ஆத்தங்குடிக் கல்லு செய்யிற இடம் பக்கமாங்க?", "கண்டாங்கிச் சேலை எங்க நல்லா இருக்கும்?" என்று கேட்பார்கள். ரேணுகாவின் கணவர் உதயகுமார் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் பைக்கில் வழிகாட்டிப் போவார். அவருக்கு விருதுநகரில் ரயில்வே வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் விடியலில் போகிறவர். வாரத்தில் அவர் வீட்டில் இருக்கிற ஒரே பகல் அது.

கோயிலுக்குப் போகிறவர்கள், கோயிலிலிருந்து வருகிறவர்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கவிச்சி கிடையாது. சாம்பார், ரசம், ரெண்டு வெஞ்சனம், பாயசம். வாரம் முழுக்க மெஸ்ஸில் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுகிற மனிதர், வீட்டுக்கு வந்தும் சாம்பார் ஊற்றிக்கொண்டார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு தடவை மட்டும் கேட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இதுக்கு நீலப் பெயின்ட் அடிச்சா எப்புடி இருக்கும்?" என்று கேட்டார்.

போன மாதம் ரேணுகா ஒரு கேஸ் எழுதியிருந்தாள். ஒரு அம்மாவுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தது எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் போட்டுக்கொண்டு நடந்தால் படி பள்ளமாகத் தெரிகிறது என்கிறார், எங்கே தவறு என்று பிடிபடவில்லை என்று. வந்த முதல் பதில்: "அக்கா, சங்கடஹர சதுர்த்திக்குக் கூட்டம் எப்படி இருக்கும்?" அடுத்தது: "அக்கா, கோயில் பக்கத்தில் ரூம் கிடைக்குமா?" அவள் இரண்டுக்கும் பதில் எழுதினாள். படியைப் பற்றி யாரும் எழுதவில்லை.

முடக்கிய செய்தி வந்த வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், கைகால் கூடக் கழுவாமல், அடுப்படி வாசலில் நின்று சொன்னாள்.

"அத்தை, என்னய வெளிய தள்ளிட்டாக."

மாமியார் அன்னக்கிளி கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். "எங்கருந்து?"

"அந்த மன்றத்துல இருந்து. கண்ணு பாக்குறவுக பேசிக்கிறது. இனிமே நான் அதுக்குள்ள போக முடியாது. எழுத முடியாது."

"ஏனாம்?"

"வீட்டு அட்ரஸ் போட்டேனாம். போன் நம்பர் போட்டேனாம். அது தப்பாம்."

அன்னக்கிளி உருவிய இலையைக் கிண்ணத்தில் போட்டாள். காம்பை இந்தப் பக்கம் போட்டாள். மருமகள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப ஒன் அட்ரஸு அங்க இருக்காது."

"எடுத்துட்டாக. நான் எழுதுன எல்லாத்தையும் எடுத்துட்டாக."

"நம்பரு?"

"அதுந்தான்."

"அப்ப ஞாயித்துக்கெழம யாரும் வரமாட்டாகளா?"

"எனக்கு எம்புட்டு வேதனையா இருக்கு, நீங்க ஞாயித்துக்கெழமயப் பத்திக் கேக்குறீக!"

"கேட்டேன், அம்புட்டுத்தேன்." கொல்லையில் மழைத்தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம். பிறகு அன்னக்கிளி கருவேப்பிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "புரட்டாசியும் முடிஞ்சுபோச்சு. கம்மாயி நெறஞ்சு கெடக்கு. அயிர மீனு வந்துருக்கும்."

ரேணுகாவுக்கு ஆத்திரமாக வந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் கட்டிலில் உட்கார்ந்ததும், உடம்புக்குள் எங்கேயோ ஒன்று தளர்ந்து இறங்குவது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குக் காய் வாங்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மாவு ஆட்டச் சொல்ல வேண்டாம். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று கேட்காமலே அரிசியைக் கூடப் போட வேண்டாம். அவள் தன் மூக்கின் இரண்டு பக்கமும் விரலால் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அப்புறம்தான் தான் செய்தது யாரைப் போல என்று நினைவு வந்தது. உடனே கையை எடுத்துவிட்டாள். இப்படி நினைப்பது தப்பு என்று பட்டது. வீட்டுக்கு வருகிறவர்களை வேண்டாம் என்று நினைக்கிற அளவுக்கு நாம் சின்ன மனுசியாகிவிட்டோமா?

வெள்ளிக்கிழமை முழுக்க முறையீடு எழுதுவதும் அழிப்பதுமாகப் போனது. 'தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்' என்று எழுதினால் சேர்த்துக்கொள்வார்கள். எழுதி முடித்து அனுப்புகிற இடத்துக்கு விரல் போகும். போனதும் கண்ணுக்கு முன்னால் பாயசத்துக்கு முந்திரி வறுக்கிற வாணலி வந்து நிற்கும். அழித்துவிடுவாள். அழித்த பிறகு நாச்சியாபுரத்துப் பிள்ளை வந்து நிற்கும். அந்த மாதிரி இன்னொரு கண் நாளைக்கு வந்தால் யாரிடம் கேட்பது? மறுபடியும் எழுதுவாள்.

சனிக்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போன் வந்தது.

"வணக்கங்க்கா. கார்த்திகேய சிவம் பேசறனுங்க, ஈரோட்டுலிருந்து."

மன்றத்தை நடத்துகிறவர்களில் ஒருவர். போன மாதம் மனைவியோடு வந்து, மெல்லிய குரலில் பேசி, பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுப் போனவர்.

"சொல்லுங்க சார்."

"கோவமா இருப்பீங்க. முடக்குனது நாந்தானுங்க்கா."

"நீங்களா?"

"விதி இருக்குதுங்களே. அட்ரஸ் போடக் கூடாதுன்னு மொதப் பக்கத்துலயே இருக்குதுங்க."

"விதி இன்னைக்கா வந்துச்சு? ஒரு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக? போன மாசம் அந்த அட்ரஸ வச்சுத்தான எங்க வீட்ல வந்து சாப்பிட்டீக!"

"அதனாலதானுங்க்கா."

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கை கழுவப் பின்னால போனப்ப உங்க அத்தை தண்ணி ஊத்துனாங்க. ஒரு வார்த்தை சொன்னாங்க. அதை நான் சொன்னா நல்லா இருக்காது, அவங்களையே கேளுங்க. திரும்பி வர்ற வழியெல்லாம் எம் பொண்டாட்டி என்னைத் திட்டிட்டே வந்தாளுங்க. நாங்கெல்லாம் என்ன மனுசங்கன்னு. உங்ககிட்ட நேரடியாச் சொன்னா நீங்க 'அதெல்லாம் இல்ல, வாங்க'ன்னுதான் சொல்லுவீங்க. வர்றவங்களைத் தடுக்கவும் முடியாது. என் கையில இருந்தது அந்த ஒரு விதிதானுங்க்கா. அந்த அம்மாகிட்ட, சொன்னதைச் செஞ்சுட்டேன்னு சொல்லிப்போடுங்க."

"நான் யாருகிட்டக் கேக்குறது சார், சந்தேகம்னா?" என்று மட்டும் ரேணுகா கேட்டாள்.

"முறையிட்டா சேத்துக்குவோம். அது உங்க இஷ்டம். அவசரமில்லீங்க. இன்னொண்ணு, நாகநாதன் அய்யா உங்க நம்பரைக் கேட்டாருங்க. படி பள்ளமாத் தெரியற கேஸைப் பத்திப் பேசணுமாம். குடுக்கட்டுமா?" அவர் சிரிப்பது கேட்டது. "பயப்படாதீங்க. அவருக்கு முழங்கால் வலி. எந்தக் கோயிலுக்கும் போறதில்லை."

சாயங்காலம் உதயகுமார் வந்து பையை வைத்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அத்தையின் பங்கை மட்டும் விட்டுவிட்டு. அவர் செருப்பைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்று அவர் பாடுபடுவது அவளுக்குத் தெரிந்தது. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கணும்னா சிரிச்சுருங்க."

"சே, சே. நீ வேதனையா இருக்கையில நான் என்னத்துக்குச் சிரிக்கிறேன்? வருத்தமாத்தான் இருக்கு."

"எங்க, மொகத்தக் காட்டுங்க."

அவர் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அதைப் பார்த்ததும் ரேணுகாவுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாளாக அழுகை என்று நினைத்துக்கொண்டிருந்தது சிரிப்பாக வெளியே வந்தது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுப்படியிலிருந்து அன்னக்கிளி, "என்னாத்தா அங்க, ஆருக்கு என்ன ஆச்சு?" என்று சத்தம் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உதயகுமார் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனார். திரும்பி வந்தபோது சட்டிக்குள் அயிரை உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது. அன்னக்கிளி கொல்லையில் மணையைப் போட்டு உட்கார்ந்தாள். மண்ணைக் கக்குவதற்காக மீனைக் கொஞ்சம் பால் கலந்த தண்ணீரில் விட்டு மூடினாள். பிறகு உரல் மாதிரி உள்ளே சொரசொரப்பாக இருக்கிற மண்சட்டியில் போட்டு, கல்லுப்பை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். சர்ர், சர்ர் என்று அந்தச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று ரேணுகா நினைத்தாள். தண்ணீர் ஊற்ற அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை."

"என்னா?"

"ஈரோட்டுல இருந்து ஒருத்தர் வந்தாருல்ல, பாயசம் கேட்டு வாங்குனவரு. அவருகிட்ட என்ன சொன்னீக?"

கை நிற்கவில்லை. "நான் என்னத்தச் சொன்னேன். தண்ணி போதுமான்னு கேட்டேன்."

"அத்தை..."

"இந்தா, இன்னுங் கொஞ்சம் ஊத்து. அங்குட்டு இல்ல, இங்குட்டு."

ரேணுகா ஊற்றினாள். மீன் வெள்ளி வெள்ளியாகப் புரண்டது.

"வந்தவுகள வராதீகன்னா சொல்ல முடியும்?" என்றாள் அன்னக்கிளி. "அப்புடிச் சொல்ற குடும்பமா நாம? சாப்பாடு நல்லா இருந்துச்சும்மான்னு அந்தத் தம்பி சொன்னாரு. நல்லதுப்பான்னேன். இந்த வீட்ல மீனுவாட அடிச்சு வருசம் ஆச்சு தம்பின்னேன். வேற ஒண்ணும் சொல்லல. எம் மகன் சாம்பார ஊத்திக்கிட்டு ஒக்காந்துருக்கிறதப் பாத்தேன், வாயில வந்துருச்சு." மீனை ஒரு தடவை அலசினாள். "ஒனக்கு அங்க போகணும்னா போ. நான் வடிச்சுப் போட மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

ரேணுகா சொம்பிலிருந்து தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். அத்தையின் கட்டைவிரல் இடுக்கில் காய்கறி அரிந்து அரிந்து காய்த்துப்போன இடம் தெரிந்தது. அது எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

குழம்பு கொதித்தபோது தெருவுக்கே தெரிந்திருக்கும். புளியும் சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயும் அயிரையும் சேர்ந்த அந்த வாடை கூடத்தில் புகுந்து, சன்னல் வழியாக வெளியே போய், பச்சைக் கேட்டைத் தாண்டியது. ரேணுகாவின் போனை உதயகுமார் சத்தத்தை அணைத்து பீரோவுக்குள் வைத்துவிட்டார். விருந்தாளிகளுக்கென்று வாங்கின எவர்சில்வர் தட்டுகளை அன்னக்கிளி பரண் மேல் ஏற்றச் சொல்லிவிட்டாள். மூன்று பேரும் கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். உதயகுமார் சோற்றில் குழி பறித்தார். குழம்பு விழுந்தது.

வாசலில் கார் வந்து நின்றது.

மூன்று பேரின் கையும் சோற்றில் அப்படியே நின்றது. ஹாரன் ஒரு தடவை, மரியாதையாக, அடித்தது.

"பக்கத்து வீட்டுக்கா இருக்கும்" என்றார் உதயகுமார், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

"ரேணுகா மேடம் வீடு இதுங்களா?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது. "பச்சைக் கேட்டுன்னு போட்டிருந்துச்சுங்க."

அன்னக்கிளி மகனைப் பார்த்தாள். மகன் கேட்டைப் பார்த்தார். "பெயின்ட் அடிச்சிருக்கணும்" என்றார் மெதுவாக. ரேணுகா எச்சில் கையோடு எழுந்து வாசலுக்குப் போனாள். ஒரு வெள்ளைக் கார். உள்ளே ஐந்தாறு பேர். இறங்கி நின்றவர் கைகூப்பினார். தர்மபுரியாம். மன்றத்தில் நம்பரைப் போன வாரமே குறித்து வைத்துக்கொண்டார்களாம். வழியெல்லாம் போன் போட்டார்களாம், எடுக்கவில்லையாம். முடக்கியது அவர்களுக்குத் தெரியாது. இனிமேல்தான் கோயிலுக்குப் போகிறார்கள். பின் இருக்கையில் இருந்த வயதான அம்மா மடியில் பூக்கூடையை வைத்திருந்தார்.

ரேணுகாவுக்கு வாயில் ஒரு வார்த்தைதான் வந்தது. வேறு வார்த்தை வர அவள் வேறு ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

"வாங்க, வாங்க. நல்ல நேரத்துக்குத்தான் வந்துருக்கீக. உள்ள வாங்க. அயிரமீன் கொழம்பு வச்சிருக்கோம், சூடா இருக்கு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த ஒரு வருசத்தில் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை. ஒவ்வொரு தடவையும் சொல்லும்போதே மனம் அரிசியை அளக்கத் தொடங்கிவிடும். இன்றைக்கு அளக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் சொல்வதுபோல, முழு மனசாகச் சொல்ல முடிந்தது. அவர்கள் உண்மையாகவே இறங்கி வந்து உட்கார்ந்தால் மூன்று பேருக்கு வைத்த குழம்பை எட்டொன்பது தட்டுக்கு ஊற்றவும் அவள் தயார்.

காரில் இருந்த அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். பூக்கூடையை மூடினார். "மீனுங்களா..." என்றார் அந்த மனிதர். வீட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "கோயிலுக்குப் போறமுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

"அதுக்கென்ன, போயிட்டுத் திரும்பி வரயில சாப்பிடலாம்ல?"

"இல்லீங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்." அவர் காருக்குள் ஏறிக்கொண்டே சொன்னார். "இன்னொரு நாளைக்கு வர்றோமுங்க."

ரேணுகா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வருசமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த பதில். அதைச் சொல்ல தர்மபுரியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. "ஆகட்டும், ஆகட்டும். அவசியம் வாங்க" என்றாள். கண்ணாடி மெதுவாக மேலே ஏறியது. கார் நகர்ந்தது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது உதயகுமார் இன்னும் சாப்பிடத் தொடங்கியிருக்கவில்லை. வாசல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் தெருமுனை வரைக்கும் போய் நின்றிருந்தது. பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. மழை ஈரத்தில் அந்தச் சிவப்பு ரோடு முழுக்க வழிந்திருந்தது. முன் இருக்கையில் இருந்த ஒருவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, உள்ளே இருப்பவர்களிடம் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூக்கு இந்த வீட்டுப் பக்கமே திரும்பியிருந்தது.

"என்னத்தா, பரணுல இருந்து தட்ட எறக்கவா?" என்றாள் அன்னக்கிளி.

உதயகுமார் ஒரு அயிரையை எடுத்து, முள்ளோடு, முழுசாக வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். தெருமுனையில் அந்தக் கதவு திறந்தபடியே இருந்தது.